பாதி விலைக்கு ஸ்போர்ட்ஸ் கார்... ஆனா நீங்களே அசெம்பிள் பண்ணணும்! யார் இந்த காலின் சாப்மேன்?

ஒரே கார், ஆனால் ரெண்டு விலை. 1957-ல் பிரிட்டனில் அறிமுகமான லோட்டஸ் செவன் காரை, ஓட்டத் தயாரான நிலையில் வாங்கினால் வரியோடு சேர்த்து 1,036 பவுண்டு. அதே காரைப் பாகங்களாக வாங்கி, வீட்டு கேரேஜில் நீங்களே சேர்த்துக்கொண்டால் 536 பவுண்டு. கிட்டத்தட்ட பாதி விலை!

எடை குறைந்த, வேகமான ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என ஆசைப்படுபவர்கள் முன்னால் இன்றைக்கும் இருக்கும் கேள்வி இதுதான். ரெடிமேடாக வாங்குவதா? கிட் வாங்கி நாமே கட்டுவதா? இந்த ரெண்டு கதவையும் ஒரே கம்பெனியில் திறந்து வைத்தவர் காலின் சாப்மேன். அவரது வாழ்க்கையைப் பார்த்தாலே அந்தக் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிடும்.

விற்காத காரில் தொடங்கிய கதை

1928 மே 19 அன்று இங்கிலாந்தில் பிறந்தவர் சாப்மேன். இவரது அப்பா வடக்கு லண்டனின் ஹார்ன்சி பகுதியில் ரயில்வே ஹோட்டலை நடத்தியவர். சாப்மேன் படித்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில், கட்டமைப்புப் பொறியியல். அதாவது பாலம், கட்டடம் எல்லாம் எப்படி பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் படிப்பு.

படிக்கும்போதே நண்பர் ஒருவரோடு சேர்ந்து செகண்ட் ஹேண்ட் கார் வியாபாரம் பார்த்தார். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. 1947-ல் சொந்த கார் வைத்திருப்பவர்களுக்கான பெட்ரோல் ரேஷனை அரசு நிறுத்தியதும் மார்க்கெட் படுத்துவிட்டது. கடைசியில் கையில் மிஞ்சியது பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றுதான்.

விற்க முடியாத காரை என்ன செய்வது? சாப்மேன் அதைப் பிரித்துப் போட்டார். காதலி ஹேசல் வில்லியம்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன கேரேஜில், பழைய பாடியைக் கழற்றிவிட்டு பிளைவுட், அலுமினியம் கொண்டு புது பாடி கட்டினார். சேறும் மேடுமான பாதையில் ஏறும் போட்டிகளில் அதை ஓட்டினார். 1948-ல் உருவான அந்தக் கார்தான் முதல் லோட்டஸ்.

ஹேசல் கொடுத்த 25 பவுண்டு கடனில், 1952-ல் கம்பெனி பிறந்தது. இடம்? அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். பகலில் அலுமினிய கம்பெனியில் வேலை, ராத்திரியில் கார் வேலை என ஓடிய சாப்மேன், 1954-ல் ஹேசலையே திருமணம் செய்துகொண்டார்.

எடையைக் குறைத்தால் என்ன லாபம்?

வேகம் வேண்டுமா, பெரிய இன்ஜினைப் போடு என்பதுதான் பல கம்பெனிகளின் வழி. ஆனால் பெரிய இன்ஜின் என்றால் எடை கூடும். அந்த எடையைத் தாங்க சேசிஸ் கனமாக வேண்டும், நிறுத்த பெரிய பிரேக் வேண்டும். எல்லாம் சேர்ந்து எடை இன்னும் ஏறும்.

சாப்மேன் இதைத் தலைகீழாகப் பார்த்தார். முதலில் எடையைக் குறை. அப்போது சின்ன இன்ஜினே போதும். கார் சட்டென வேகம் எடுக்கும், சட்டென நிற்கும், வளைவிலும் உருண்டு விடாமல் திரும்பும். ஆரம்பகால செவனின் எடை சுமார் 500 கிலோதான். இன்ஜின் சக்தி சுமார் 40 குதிரைத்திறன். பேப்பரில் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ரோட்டில் கதை வேறு!

கிட் கார்: வரியில் இருந்த ஓட்டை

கிட் கார் என்றால் காரின் சட்டம், பாடி, மற்ற பாகங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக வரும். ஸ்பேனரை எடுத்து வாங்கியவரே சேர்க்க வேண்டும். அப்போது பிரிட்டனில் முழு காருக்கு கொள்முதல் வரி உண்டு. உதிரி பாகங்களாக விற்றால் அந்த வரி கிடையாது. இதைச் சாப்மேன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

1952-ல் வந்த மார்க் 6 காரையே அவர் இப்படித்தான் விற்றார். அந்த மாடலில் நூற்றுச் சொச்சம் கார்கள் போயின. வாங்கியவர்களில் நிறைய பேர் வார இறுதியில் ரேஸ் ஓட்ட ஆசைப்பட்ட இளைஞர்கள். சம்பளம் கம்மி, ஆனால் கையில் வேலை தெரியும்.

இதில் ஒரு சுவாரசியமான கதையும் உண்டு. வரி விலக்கு வேண்டுமானால் காரைச் சேர்க்கும் செய்முறைக் குறிப்பைத் தரக்கூடாது என்று விதி இருந்ததாம். அதனால் காரை எப்படிப் பிரிப்பது என்ற குறிப்பைக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னார்களாம். கார் ரசிகர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது.

ரெடிமேட் பக்கம் என்ன நடந்தது?

செவன் வந்த அதே 1957-ல், லண்டன் மோட்டார் ஷோவில் எலைட் என்ற அழகான காரைக் காட்டினார் சாப்மேன். தனி சேசிஸ் கிடையாது. ஃபைபர் கிளாஸ் பாடியே முழு பாரத்தையும் தாங்கும். பார்த்தவர்கள் அசந்து போனார்கள். ஆனால் செய்வதற்குச் செலவு அதிகம். சுமார் ஆயிரம் கார்கள் விற்றும் கம்பெனிக்கு அது லாபம் தரவில்லை.

1962-ல் வந்த எலான்தான் அந்தப் பாடத்தைச் சரிசெய்தது. நடுவில் முதுகெலும்பு மாதிரி எஃகு சட்டம், மேலே ஃபைபர் கிளாஸ் பாடி. எடை 700 கிலோவுக்குள். இதையும் முழு காராகவும் வாங்கலாம், கிட்டாகவும் வாங்கலாம். 1989-ல் ஜப்பானின் மஸ்டா கொண்டுவந்த எம்எக்ஸ்-5 காருக்கு முன்மாதிரியாக இருந்ததும் இந்த எலான்தான்.

ரேஸில் வெற்றி, கூடவே மரணம்

எடை குறைக்கும் இதே வித்தையை ஃபார்முலா 1 களத்திலும் இறக்கினார். 1962-ல் வந்த லோட்டஸ் 25, குழாய்ச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு பாடியையே சேசிஸாக மாற்றியது. அதை வைத்து ஜிம் கிளார்க் 1963-ல் உலக சாம்பியன் ஆனார். சாப்மேன் காலத்தில் லோட்டஸ் அணி 7 முறை கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் வென்றது.

ஆனால் எடையைக் குறைப்பதற்கும் ஒரு விலை இருந்தது. லோட்டஸ் வேகமானது, ஆனால் உடையக்கூடியது என்ற பேச்சு ரேஸ் களத்தில் எப்போதும் உண்டு. 1968-ல் ஹாக்கன்ஹைம் ரேஸில் லோட்டஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஜிம் கிளார்க் உயிரிழந்தார். சாப்மேனுக்கு அவர் நெருங்கிய நண்பர். 1970-ல் மான்ஸாவில் பிரேக் ஷாஃப்ட் உடைந்து ஜோகன் ரிண்ட் பலியானார். அந்த ஆண்டு உலக சாம்பியன் பட்டம், அவர் இறந்த பிறகு அவருக்கே கிடைத்தது.

1973: மாறிப்போன கணக்கு

1973 ஏப்ரலில் பிரிட்டன் கொள்முதல் வரியை எடுத்துவிட்டு வாட் வரியைக் கொண்டுவந்தது. கிட்டுக்கும் வரி வந்தது. பாதி விலை என்ற கவர்ச்சி போயே போச்சு. சாப்மேனும் அதற்குள் பணக்காரர்களுக்கான விலை உயர்ந்த கார்கள் பக்கம் திரும்பியிருந்தார். செவன் காரின் உரிமையை கேட்டர்ஹாம் என்ற விற்பனை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார். 1977-ல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கடலுக்குள் பாய்ந்த எஸ்பிரிட், இந்தப் புது லோட்டஸின் முகம்.

கடைசி அத்தியாயம் சோகமானது. பிரிட்டன் அரசின் பணத்தில் வடக்கு அயர்லாந்தில் நடந்த டிலோரியன் கார் கம்பெனிக்கு லோட்டஸ் பொறியியல் வேலை செய்து கொடுத்தது. அந்தக் கம்பெனி 1982-ல் திவாலானபோது பெரும் பணம் காணாமல் போனது தெரியவந்தது. விசாரணை சூடு பிடிக்கும் முன்பே, 1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பால் சாப்மேன் இறந்தார். வயது 54. 1992-ல் லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் ஃப்ரெட் புஷெலுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. சாப்மேன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை விதித்திருப்பேன் என்று நீதிபதி அப்போது குறிப்பிட்டார்.

அப்போ, கட்டுவதா? வாங்குவதா?

பிரிட்டனில் கேட்டர்ஹாம் செவன் இன்றும் கிட்டாகவும் கிடைக்கிறது, முழு காராகவும் கிடைக்கிறது. ஆனால் கிட் வாங்கினால் பழையபடி பாதி காசு மிச்சமாகாது. நேரம் வேண்டும், இடம் வேண்டும், கட்டி முடித்த காரை ரோட்டில் இறக்கும் முன் அரசு சோதனையில் தேற வேண்டும். அதற்குப் பதிலாக, காரின் ஒவ்வொரு போல்ட்டும் எங்கே இருக்கிறது என்பது ஓட்டுபவருக்கே தெரியும். அவசரமாக ஓட்டிப் பார்க்க நினைப்பவருக்கு ரெடிமேட் காரே சரி. 1996-ல் அலுமினிய சேசிஸோடு வந்த லோட்டஸ் எலிஸ் அப்படிப்பட்டவர்களுக்காகவே வந்த எடை குறைந்த கார். 2021-ல் அதன் தயாரிப்பு நின்றதால் இப்போது செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும்.

சாப்மேன் காலத்தில் கிட் கார் என்பது கையில் காசு இல்லாதவரின் வழி. இன்றைக்கு அது கையில் நேரம் இருப்பவரின் வழி. பணம் குறைவு என்பதற்காக மட்டும் கிட் வாங்கப் போகிறவர், 1973-லேயே முடிந்துபோன ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார். ரெண்டில் எதை எடுத்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. எடை குறைந்த கார் தரும் சுகத்துக்குப் பணமாகவோ, உழைப்பாகவோ, பாதுகாப்பாகவோ யாராவது விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.