இருபத்து மூன்று விதைகள்

நூலை எழுதியவரின் பெயர் அட்டையில் இருக்கும். பாடலுக்கு இசையமைத்தவரின் பெயர் வானொலியில் அறிவிக்கப்படும். ஆனால், நாம் கடித்துச் சுவைக்கும் பழத்தை உருவாக்கியவரின் பெயரை எங்கே தேடுவது? கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்று ஸ்ட்ராபெர்ரி பறிக்கும் நம்மில் பலர், அது காட்டிலிருந்து நேராக வந்த பழம் என்றே எண்ணுகிறோம். உண்மையில் அது தென் அமெரிக்கச் செடியும் வட அமெரிக்கச் செடியும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் கலந்து பிறந்த கலப்பினம். அதன் பிறகு, தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பேர் பொறுக்கியும் கலந்தும் கழித்தும் அதை இன்றைய வடிவத்திற்குக் கொண்டு வந்துள்ளனர்.

அப்படிப் புதிய பழங்களையும் பூக்களையும் உருவாக்குவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் அமெரிக்கரான லூதர் பர்பேங்க். ஒரு காலத்தில் தாமஸ் எடிசன், ஹென்றி ஃபோர்டு ஆகியோருக்கு இணையாகப் புகழப்பட்டவர். அதே காலத்தில் அறிவியலாளர் பலரால் ஐயத்தோடு பார்க்கப்பட்டவரும் அவரே. இவ்விரண்டில் எது உண்மை என்னும் கேள்விதான் அவருடைய வாழ்க்கையை எழுத என்னைத் தூண்டியது.

இளமைப் பருவம்

பர்பேங்க் 1849ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லங்காஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். பெரிய குடும்பத்தில் அவர் பதின்மூன்றாவது பிள்ளை. தந்தைக்கு வேளாண் நிலம் இருந்தது. செங்கல் சூளையும் இருந்தது. உயர்நிலைப் பள்ளியோடு பர்பேங்கின் கல்வி முடிந்தது. கலப்பை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சில காலம் வேலை பார்த்தார். 1868இல் தந்தை காலமானார். தமக்குக் கிடைத்த பங்கைக் கொண்டு லூனன்பர்க் என்னும் ஊரில் 17 ஏக்கர் நிலம் வாங்கிக் காய்கறி பயிரிடத் தொடங்கினார்.

அதே 1868ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின், வீட்டு விலங்குகளும் பயிர்களும் மனிதர் வளர்ப்பில் எவ்வாறு மாறுகின்றன என்பதைப் பற்றி இரண்டு தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். அந்நூல் இளைஞர் பர்பேங்கின் கைக்கு வந்து சேர்ந்தது. செடிகள் மாறக்கூடியவை என்றால், நாம் விரும்பும் திசையில் அவற்றை மாற்றவும் முடியுமல்லவா? இந்த ஒரு கேள்வியைத்தான் அவர் தம் வாழ்நாள் முழுவதும் நிலத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு விதைக்காய் தந்த வாழ்வு

உருளைக்கிழங்கை நாம் கிழங்கிலிருந்தே வளர்க்கிறோம். கிழங்கை வெட்டி நட்டால் தாய்ச்செடியின் அச்சு அசலான நகல்தான் கிடைக்கும். விதையிலிருந்து வளர்த்தால் நிலைமை வேறு. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு குணத்தோடு முளைக்கும். பர்பேங்க் பயிரிட்ட ஏர்லி ரோஸ் என்னும் வகை காய்ப்பது மிக அரிது. 1872ஆம் ஆண்டளவில் அதில் ஒரே ஒரு விதைக்காய் தோன்றியதை அவர் கண்டார். முற்றட்டும் என்று காத்திருந்தபோது ஒரு நாள் அது காணாமல் போனது. மனம் தளராமல் மண்ணைத் துழாவித் தேடிச் சில அடி தூரத்தில் அதைக் கண்டெடுத்தார். அதற்குள் 23 விதைகள் இருந்தன.

இருபத்து மூன்றும் முளைத்தன. இருபத்து மூன்றும் வெவ்வேறு வகைக் கிழங்குகளைத் தந்தன. அவற்றுள் ஒன்று மட்டும் அளவிலும் விளைச்சலிலும் மற்ற அனைத்தையும் விஞ்சி நின்றது. ஜேம்ஸ் கிரிகரி என்னும் விதை வணிகரிடம் அதன் உரிமையை விற்றார். அவர் கேட்ட விலை 500 டாலர். கிடைத்ததோ 150 டாலர். கிரிகரி அக்கிழங்குக்குப் பர்பேங்கின் பெயரையே சூட்டினார். பத்துக் கிழங்குகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும் அவரை அனுமதித்தார்.

பின்னாளில் அந்த வகையிலிருந்து சொரசொரப்பான பழுப்புத் தோலுடன் தோன்றியதுதான் ரஸட் பர்பேங்க். வட அமெரிக்காவில் மிகுதியாகப் பயிரிடப்படும் உருளைக்கிழங்குகளுள் இன்றும் அதுவும் ஒன்று. துரித உணவகங்களின் நீண்ட பொரித்த துண்டுகளுக்கு ஏற்றதென்று பெயர் பெற்றதும் அதுவே. அதன் மூலத்தைக் கண்டவருக்கு அதன் உரிமைக்காகக் கிடைத்த பணம் அந்த 150 டாலர் மட்டுமே.

சாந்தா ரோசாவில் புதுவாழ்வு

1875ஆம் ஆண்டில் அந்தப் பத்துக் கிழங்குகளோடு கலிபோர்னியாவின் சாந்தா ரோசா நகருக்குப் பர்பேங்க் குடிபெயர்ந்தார். வந்த புதிதில் கிடைத்த கூலி வேலைகளைச் செய்தார். வறுமையும் நோயும் வாட்டின. மெல்ல மெல்ல ஒரு நாற்றுப் பண்ணையை அமைத்துக்கொண்டார்.

1881இல் அவருக்கு ஒரு சோதனை வந்தது. வாரன் டட்டன் என்னும் செல்வர், உலர்த்திப் பாதுகாக்க ஏற்ற ப்ரூன் வகை ப்ளம் கன்றுகள் 20,000 வேண்டும், அதுவும் அவ்வாண்டு இலையுதிர் காலத்திற்குள் வேண்டும் என்று கேட்டார். அத்தகைய கன்றுகளை உருவாக்க வழக்கமாக ஓராண்டுக்கும் மேலாகும். பிறர் கைவிரித்த அந்த வேலையைப் பர்பேங்க் ஏற்றார். ப்ளம் விதை முளைக்கக் காத்திருந்தால் காலம் போய்விடும்; பாதாம் விதையோ விரைவில் முளைக்கும். ஆகவே, பாதாமை முளைக்க வைத்தார். கன்றுகள் ஓரளவு வளர்ந்ததும் ஆட்களை அமர்த்தி ஒவ்வொன்றிலும் ப்ரூன் மொட்டை ஒட்டுக் கட்டினார். ஒட்டு பிடித்ததும் பாதாமின் தலைப்பகுதியை ஒடித்து வளைத்துவிட்டார். வேர் பாதாமினுடையது, மேலே வளர்ந்ததோ ப்ரூன். ஏறக்குறைய கேட்ட எண்ணிக்கையில் கன்றுகள் குறித்த காலத்தில் தயாராகின. அவருடைய பெயரும் பரவத் தொடங்கியது.

ஆயிரத்தில் ஒன்று

1885இல் செபாஸ்டபோல் அருகில் மேலும் நிலம் வாங்கிச் சோதனைத் தோட்டம் அமைத்தார். அதே ஆண்டில் ஜப்பானிலிருந்து ப்ளம் கன்றுகளைத் தருவித்தார். அவற்றையும் பிற வகைகளையும் கலந்து பல புதிய ப்ளம் பழங்களை உருவாக்கினார். 1906இல் அவர் அறிமுகப்படுத்திய சாந்தா ரோசா ப்ளம் கலிபோர்னியாவின் முக்கிய வணிகப் பழங்களுள் ஒன்றாகப் பல காலம் விளங்கியது.

அவருடைய வேலைமுறையை விளக்குவது எளிது, செய்வதுதான் கடினம். ஒரு வகையின் மகரந்தத்தைச் சேகரித்து, மகரந்தப்பைகள் நீக்கப்பட்ட மற்றொரு வகைப் பூவின் சூலகமுடியில் தடவ வேண்டும். உண்டாகும் பழத்தின் விதைகளை முளைக்க வைக்க வேண்டும். அவ்விதைக் கன்றுகள் தாமாகக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அவற்றின் சிறு கிளைகளை வெட்டி, முதிர்ந்த மரமொன்றில் ஒட்டுவார். இதனால் காலம் மிச்சமானது. ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கான வகைப் பழங்கள் தொங்கின. பிறகு ஒவ்வொன்றாகச் சுவைத்தும் முகர்ந்தும் பார்ப்பார். நிறம் எப்படி, தோல் தடிப்பாக உள்ளதா, தொடர்வண்டியில் தொலைவு சென்றால் நசுங்காமல் இருக்குமா என்றெல்லாம் ஆராய்வார். ஆயிரக்கணக்கில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, எஞ்சிய செடிகளைக் குவித்து எரித்துவிடுவார்.

கழிக்கத் தெரிந்ததே அவருடைய பெருந்திறமை என்று நான் கருதுகிறேன். கலப்பதை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஒன்றை வைத்துக்கொண்டு ஆயிரத்தை நெருப்பிலிட மனத்துணிவு வேண்டும்.

இவ்வாறு ஏறத்தாழ 50 ஆண்டுகளில் 800க்கும் மேற்பட்ட வகைகளை அவர் வெளியிட்டார். பல ஆண்டு உழைப்பில் உருவாக்கி 1901இல் அறிமுகம் செய்த ஷாஸ்தா டெய்சி மலர் இன்றும் உலகெங்கும் பூக்கிறது. எல்லாம் நன்மையாகவே முடிந்தன என்றும் சொல்வதற்கில்லை. இந்தியாவிலிருந்து வந்த விதைகளிலிருந்து வளர்த்து, 1885இல் இமயமலைப் பெயரிட்டு அவர் பரப்பிய கருப்பு பெர்ரி, பின்னர் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் அடக்க முடியாத முட்புதராகப் படர்ந்துவிட்டது. அதன் தாயகம் இமயமலையே அன்று, ஆர்மீனியப் பகுதி என்பதும் பின்னரே தெளிவாயிற்று.

புகழும் பழியும்

புகழ் உச்சத்தை எட்டிய காலத்தில் அறிவியல் உலகமும் அவரை நாடியது. மெண்டலின் மரபியல் விதிகளை மீண்டும் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஹியூகோ டி விரீஸ் 1904இல் அவரைத் தேடி வந்தார். 1905 முதல் கார்னகி நிறுவனம் ஆண்டுக்கு 10,000 டாலர் நல்கை அளித்தது. அவருடைய ஆய்வுகளைப் பதிவுசெய்ய ஜார்ஜ் ஷல் என்னும் இளம் தாவரவியலாளரையும் அனுப்பியது.

ஷல் எதிர்பார்த்தது குறிப்பேடுகளை. அவர் கண்டதோ துண்டுச் சீட்டுகளை. எந்தத் தாயை எந்தத் தந்தையோடு கலந்தார், எத்தனை கன்றுகள் முளைத்தன, எத்தனை எந்தக் குணத்தோடு இருந்தன என்னும் கணக்குகள் முறையாக இல்லை. பர்பேங்கிற்குத் தேவையானது நல்ல பழம். அது எப்படி வந்தது என்பதன் கணக்கு அன்று. செடி தன் வாழ்நாளில் பெற்ற பண்புகள் அதன் சந்ததிக்கும் செல்லும் என்று அவர் நம்பினார். மரபியல் அதை ஏற்கவில்லை. ஐந்து ஆண்டு அளவில் நல்கை நின்றது. அதே ஷல், சோள ஆய்வில் தாம் கண்டவற்றை முறையாக எழுதி வெளியிட்டு, கலப்பினச் சோளத்தின் முன்னோடி என்று பெயர் பெற்றார்.

வணிகமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அவர் பெயரில் 1912இல் ஒரு நிறுவனம் தோன்றி, செடிகளை விற்கும் உரிமையைப் பெற்றது. கால்நடைத் தீவனத்திற்காக அவர் உருவாக்கிய முள்ளில்லாக் கள்ளிக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. தேவைக்கேற்ப வழங்க முடியாதபோது, சாதாரணக் கள்ளியின் முட்களை நீக்கிவிட்டு அந்நிறுவனம் விற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சில ஆண்டுகளிலேயே நிறுவனம் சரிந்தது. பழி சுமந்தது பர்பேங்கின் பெயர்.

1926ஆம் ஆண்டு சனவரியில், மறுமையில் தமக்கு நம்பிக்கையில்லை என்று அவர் வெளிப்படையாகக் கூறியது நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியது. குவிந்த கடிதங்களுக்கு விடையளிக்க அந்த முதிய வயதிலும் முயன்றார். அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் நாள், தமது 77ஆம் வயதில், மாரடைப்பின் விளைவாகக் காலமானார். சாந்தா ரோசா வீட்டுத் தோட்டத்தில், அவர் வளர்த்த தேவதாரு மரத்தின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

காலம் கடந்த நீதி

பர்பேங்க் வாழ்நாள் முழுவதும் சுமந்த மனக்குறை ஒன்று உண்டு. புதிய எலிப்பொறியைக் கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை கிடைத்தது. புதிய பழத்தைக் கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கவில்லை. ஒட்டுக் கட்டினால் ஒரு மரம் ஆயிரம் மரமாகும். ஸ்ட்ராபெர்ரியில் ஓடுதண்டே அவ்வேலையைத் தானாகச் செய்துவிடும். ஆகவே, முதல் செடியை விற்ற மறுகணமே அதை உருவாக்கியவரின் பிடி நழுவிவிடுகிறது. இதனால்தான் அவர் புதிய வகை ஒவ்வொன்றையும் முழுமையாக, உயர்ந்த விலைக்கு, ஒரே வணிகரிடம் விற்றுவிட முயன்றார்.

அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1930இல், அமெரிக்க நாடாளுமன்றம் தாவரக் காப்புரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு ஆதரவாகக் குரல் கொடுத்தவர்களுள் எடிசனும் ஒருவர். பர்பேங்கின் பெயர் அவ்விவாதத்தில் முன்வைக்கப்பட்டது. அவர் விட்டுச்சென்ற வகைகள் சிலவற்றுக்கு அவர் பெயரிலேயே காப்புரிமைகளும் வழங்கப்பட்டன. இன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் உருவாக்கும் ஸ்ட்ராபெர்ரி வகைகளுக்கு உரிமத்தொகை கிடைப்பதும் அந்தச் சட்டம் திறந்த வழியால்தான்.

ஆனால், அச்சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. கிழங்கின் வழி பெருக்கப்படும் பயிர்களுக்கு அது பொருந்தாது. உண்ணும் கிழங்கே நடும் கிழங்காகவும் இருப்பதால் அவ்வாறு விலக்கப்பட்டது. அதாவது, பர்பேங்க் என்றவுடன் உலகம் நினைக்கும் அந்த உருளைக்கிழங்குக்கு, அவருக்காகவே வந்தது போன்ற அந்தச் சட்டத்தின் கீழும் காப்புரிமை கிடைத்திருக்காது!

இந்தச் சட்டங்களை எண்ணும்போது என் மனம் இரு பக்கமும் ஊசலாடுகிறது. உழைத்தவருக்கு ஊதியம் வேண்டும் என்பது அறம். ஆனால், பர்பேங்கின் ப்ளம் பழத்திற்குப் பின்னால், ஜப்பானிய உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய மரங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு எந்தக் காப்புரிமையும் இல்லை. அவர்களுடைய பெயர்களும் இல்லை. வெறுமையிலிருந்து யாரும் பழத்தைப் படைப்பதில்லை.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு என் விடை இதுதான். பர்பேங்க் மந்திரவாதியும் அல்லர், ஏமாற்றுக்காரரும் அல்லர். கூர்ந்த கண்ணும் நாவும், அயராத உழைப்பும் கொண்ட தோட்டக்காரர். அவர் தந்த செடிகள் வாழ்கின்றன. அவற்றை அடைந்த வழியோ பெரும்பாலும் அவரோடு மறைந்துவிட்டது. ஒருவர் நாவில் இருந்த அறிவை இன்னொருவர் பயன்படுத்த வேண்டுமானால் அது ஏட்டில் ஏற வேண்டும்.

ஆய்வுக்கூடத்திலும் நூலகத்திலும் நாளைக் கழிக்கும் மாணவ நண்பர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா? அவருடைய பொறுமையை அவரிடமிருந்து கற்போம். குறிப்பெழுதும் பழக்கத்தை ஷல்லிடமிருந்து கற்போம். கலிபோர்னிய மக்கள் பர்பேங்கின் பிறந்தநாளான மார்ச் 7ஐ ஒட்டியே மரம் நடும் விழாவைக் கொண்டாடுகின்றனர். நினைவுச்சின்னங்களுள் அவருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இருக்க முடியாது.