புகையிலைத் தேமலும் ரோசலிண்ட் அம்மையாரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவி)

ரோசலிண்ட் பிராங்க்ளின் என்றவுடன் டி.என்.ஏ. நினைவுக்கு வருவது இயல்பே. 1952 மே மாதம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அவரும் அவருடைய மாணவர் ரேமண்ட் கோஸ்லிங்கும் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம், அவர் அறியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1953இல் இரட்டைச் சுருள் வெளியாயிற்று. 1962இல் நோபல் பரிசு வேறு மூவருக்குப் போயிற்று. இக்கதையை நாம் வகுப்பில் கேட்டிருக்கிறோம். கேட்டு இரக்கப்பட்டும் இருக்கிறோம். ஆனால் அம்மையார் தம் கடைசி ஐந்தாண்டுகளைக் கழித்தது டி.என்.ஏ.யோடு அன்று, ஆர்.என்.ஏ. வைரஸ்களோடு. அந்த ஐந்தாண்டுகளைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

1920 ஜூலை 25ஆம் நாள் லண்டனில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். 1938இல் கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து, 1941இல் இறுதித் தேர்வு எழுதித் தேறினார். அக்காலத்தில் அங்கே பெண்கள் படிக்கலாம், தேர்வும் எழுதலாம்; ஆண்களுக்குரிய முழுப் பட்டம் மட்டும் கிடையாது. அது 1948இல்தான் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். செல்வர் வீட்டுப் பெண்ணுக்கும் பட்டம் எட்டாதிருந்தது என்று படித்தபோது, சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

போர்க்காலத்தில் நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்து 1945இல் முனைவர் ஆனார். பிறகு பாரிஸ் சென்று எக்ஸ் கதிர் முறையைக் கற்றுத் தேர்ந்தார். கிங்ஸ் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் கசப்பாகவே கழிந்தன.

1953 மார்ச்சில் பெர்க்பெக் கல்லூரிக்கு மாறினார். பகலில் வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து படிக்கும் கல்லூரி அது. பழைய வீடு ஒன்றில் ஆய்வுக்கூடம். எக்ஸ் கதிர்க் கருவி நிலவறையில், அம்மையாரின் அறை மாடி உச்சியில். பேராசிரியர் பெர்னால் அவருக்கு அளித்த பொருள், புகையிலைத் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸ். நம் பாடநூலில் டி.எம்.வி. என்று வருகிறதே, அதுதான். 1954இல் ஆரன் குளூக் என்ற இளைஞர் அவருடன் சேர்ந்தார்.

இந்த வைரஸ் ஒரு குச்சி போன்றது. நீளம் 3000 ஆங்ஸ்ட்ராம், குறுக்களவு 180. குச்சிகள் அனைத்தும் ஒரே நீளமுடையவை என்று 1955இல் அம்மையார் எழுதினார். இத்துறையில் மூத்தவரான நார்மன் பிரி அதைக் கடுமையாக மறுத்தார். அம்மையார் தம் கருத்திலிருந்து விலகவில்லை. அவர் சொன்னதே சரியாயிற்று.

அடுத்த கேள்வி, ஆர்.என்.ஏ. எங்கே இருக்கிறது என்பது. குச்சியின் நடுவே ஒரு துளை உண்டு. நூலை ஊசித் துளையில் கோத்தாற்போல ஆர்.என்.ஏ. அதற்குள் இருக்கும் என்று எவருக்கும் தோன்றும். அம்மையார் முழு வைரஸையும், ஆர்.என்.ஏ. இல்லாமல் புரதம் மட்டும் சேர்ந்த குச்சியையும் படம் எடுத்து ஒப்பிட்டார். நடு அச்சிலிருந்து 40 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் வேறுபாடு தெரிந்தது. ஆர்.என்.ஏ. துளையில் இல்லை, புரதத்துக்குள்ளேயே ஒற்றை இழையாகச் சுருண்டு பதிந்திருக்கிறது. இது 1956இல் வெளியாயிற்று. ஒவ்வொரு புரத அலகும் மூன்று நியூக்ளியோடைடுகளைப் பிடித்திருக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. இந்த மூன்றைக் கோடானின் மூன்றோடு குழப்பிக்கொள்ளலாகாது. தேர்வில் நான் குழப்பி மதிப்பெண் இழந்தேன்.

கோடான் என்பதே அன்று தெரியாத காலம். அது 1961இலிருந்து ஒவ்வொன்றாகத் தெளிந்து, 1966இல் அட்டவணை நிறைந்தது. லியூசின் என்ற ஓர் அமினோ அமிலத்துக்கு ஆறு கோடான்கள் உண்டு. வைரஸ்கள் அந்த ஆறையும் சமமாகப் பயன்படுத்துவதில்லை. சிலவற்றை அதிகமாகவும் சிலவற்றை அரிதாகவும் எடுக்கின்றன. புரதம் மாறாமலே எழுத்து மாறலாம் அல்லவா? எந்தக் கோடான் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, வைரஸ் எவ்வாறு மாறி வந்தது, ஓம்புயிரியோடு எவ்வளவு ஒத்துப்போயிற்று என்று இன்று ஆராய்கிறார்கள்.

1956இல் அமெரிக்கப் பயணத்தின்போது அம்மையாருக்கு உடல்நலம் குன்றியது. சூலகப் புற்றுநோய். அறுவை சிகிச்சைகளுக்கு இடையிலும் வேலை நிற்கவில்லை. அவருடைய குழு அவ்வாண்டில் ஏழு கட்டுரைகளும், மறு ஆண்டில் ஆறும் வெளியிட்டது. அப்போதுதான் அவர் இளம்பிள்ளைவாத வைரஸையும் கையில் எடுத்தார். அதுவும் ஆர்.என்.ஏ. வைரஸே, மனிதரைத் தாக்குவது. நோயுற்ற உடம்போடு அதை ஏன் தொட்டார் என்று என் தோழி கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காகப் புகையிலை வைரஸின் ஐந்தடி உயர மாதிரி ஒன்றும் செய்தார். மேசைப் பந்துகளும் சைக்கிள் கைப்பிடி உறைகளும் அதற்குப் பயன்பட்டன. 1958 ஏப்ரல் 16ஆம் நாள், 37ஆம் வயதில் காலமானார். மறுநாள் கண்காட்சி திறக்கப்பட்டது.

இளம்பிள்ளைவாத வைரஸின் அமைப்பைக் குளூக்கும் ஜான் பிஞ்சும் 1959இல் வெளியிட்டு, அக்கட்டுரையை அம்மையாரின் நினைவுக்கு உரித்தாக்கினர். 1982இல் குளூக் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில்தான் புகையிலைத் தேமல் வைரஸின் ஆர்.என்.ஏ. முழுவதும், 6395 எழுத்துகளும், படித்து முடிக்கப்பட்டது.