கல்லில் ஓவியம் கண்ட பேரறிஞர்

மலையும் நீரும் தீட்டிய ஓவியங்களைச் சீன தேசத்துப் புலவர்கள் கவிதைக்கு நிகராகப் போற்றிவந்தனர். அவர்களுட் சிலர், தூரிகை படாத கல்லிலும் அத்தகைய ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்தனர். அன்னோருள் சிறந்து விளங்கிய ருவான் யுவான் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1764ஆம் ஆண்டில் யாங்சௌ நகரத்தில் தோன்றினார். 1789ஆம் ஆண்டில், தமது 25ஆம் வயதில், பீக்கிங்கில் நடைபெற்ற உயர்தரப் பரீட்சையில் தேறினார். சில ஆண்டுகளுக்குள், சியன்லுங் பேரரசரின் அரண்மனையிலிருந்த ஓவியங்களுக்கும் எழுத்துச் சுருள்களுக்கும் அட்டவணை வகுக்கும் பணியிற் பங்குகொண்டார். பிறர் காணுதற்கரிய பழைய ஓவியங்களை அங்கே இவர் கண்ணாரக் கண்டார். பிற்காலத்தில் கல்லை நோக்கிய கண் பயிற்சி பெற்றது அவ்விடத்திலேயாம்.

பின்னர்ப் பல மாகாணங்களில் உயர்பதவி வகித்தார். வாழ்வு முற்றும் ஏற்றமாகவே அமைந்ததில்லை. 1809ஆம் ஆண்டில், பரீட்சை ஊழலிற் சிக்கிய ஓர் அதிகாரியைக் காப்பாற்ற முயன்றமையால் பதவி இழந்தார். நட்பின் பொருட்டு நீதியை நெகிழவிட்ட அக்குற்றத்தை நாம் மறைத்தல் தகாது. ஆயினும் இவர் மனமுடைந்திலர். கல்வித் தொண்டினால் மீண்டும் உயர்ந்தார். 1816ஆம் ஆண்டில் சீனரின் 13 மூலநூல்களை உரைகளோடும் பாடபேதங்களோடும் பதிப்பித்தார். காண்டன் நகரில் கல்விக்கடல் மண்டபம் என்னும் பெயரால் ஒரு கலாசாலையும் நிறுவினார்.

1826ஆம் ஆண்டில், தமது 62ஆம் வயதில், தென்மேற்கு எல்லையிலுள்ள யுன்னான், குய்சோ மாகாணங்களின் அதிபதியாக அனுப்பப்பட்டார். யுன்னானிலுள்ள டாலி நகரத்தின் மேற்கே சாங் மலைத்தொடர் 19 சிகரங்களோடு நிற்கிறது. கிழக்கே எர்ஹை ஏரி பரந்து கிடக்கிறது. அம்மலையில் வெட்டப்பட்ட பளிங்குக்கல் பெரும்புகழ் வாய்ந்தது. சீனமொழியில் பளிங்குக்கல்லுக்கே அவ்வூரின் பெயர் பொதுப்பெயராயிற்று.

பண்டைச் சுண்ணாம்புக்கல் பூமியின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பளிங்காக மாறும்போது, அதிற் கலந்திருந்த பிற பொருள்கள் சாம்பலும் பசுமையும் காவியுமாகிய கோடுகளாய்ப் படிகின்றன. அக்கல்லைப் பலகையாக அறுத்துத் தேய்த்தால், மூடுபனியும் மலைமுகடும் அருவியும் போன்ற தோற்றங்கள் வெளிப்படும். ருவான் யுவான் இப்பலகைகளைத் தேடித் தொகுத்தார். இன்ன காட்சி என்று பெயர் சூட்டினார். பாடல் இயற்றிக் கல்லின்மேற் பொறிப்பித்தார். பழைய ஓவியர்களின் கைவண்ணத்தோடு ஒப்பிட்டார். இவற்றைப்பற்றிக் கல்லோவியக் குறிப்பு என்னும் பொருள்படும் நூலொன்றும் எழுதினார்.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. மூலத்தில் இல்லாததைப் பின்வந்தோர் ஏற்றியுரைத்த பிழைகளைக் களைவதே இவ்வறிஞரின் வாழ்நாட் பணி. அங்ஙனமாக, கல்லில் இல்லாத மலையை இவரே ஏற்றியுரைக்கலாமோ?

நாம் கருதுமாறு, இவ்விரண்டும் ஒன்றல்ல. நூலை இயற்றினோன் ஒரு பொருளைக் கருதி எழுதினான். அதனை மாற்றுதல் அவனுக்குச் செய்யும் அநீதி. கல்லோ எப்பொருளையும் கருதிற்றில்லை. அதில் மலை காண்போன் எவருடைய சொல்லையும் திரிப்பதில்லை. தான் கற்ற கல்வியின் துணைகொண்டு இயற்கையை வணங்குகின்றான். அன்றியும் கல்லின்மேற் பொறிக்கப்பட்டது அதிபதியின் பெயரே. அக்காட்சியை வெளிக்கொணர்ந்ததோ மலையேறிக் கல் வெட்டிய தொழிலாளியின் கை. புலவனின் கண்ணைப் புகழும் நாம் அக்கையை மறத்தல் கூடாது.

1835ஆம் ஆண்டில் தலைநகருக்கு மீண்டு, 1838ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற ருவான் யுவான், 1849ஆம் ஆண்டில் 85 வயதில் இயற்கை எய்தினார். இளமையில் அரசனுடைய ஓவியங்களுக்கு அட்டவணை வகுத்தவர், முதுமையில் மலையினுடைய ஓவியங்களுக்குக் குறிப்பு வரைந்தார். கற்றது பரீட்சையோடு முடிவதன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?