கஞ்சித் தொட்டியை மூடிய குருவானவர்

ஏழைகளுக்குச் சோறிடுவதை நிறுத்திய குருவானவர் ஒருவரைப் பற்றி யூபிலி மலரில் நாம் எழுத முற்படுவது வாசகர்களுக்கு வியப்பாயிருக்கலாம். அவர்தாம் அருட்தந்தை ஜோசப் விரெசின்ஸ்கி அடிகளார்.

பிரான்சு நாட்டு ஆஞ்ஜே நகரில், போலந்துத் தந்தைக்கும் ஸ்பானியத் தாய்க்கும் 1917-இல் பிறந்தவர். ஐந்து வயதிலேயே விடியற்காலையில் கன்னியர் மடத்துக்கு நடந்து சென்று பூசை உதவி செய்வார். கிடைக்கும் சில்லறை வீட்டுச் செலவுக்கு உதவும். தர்மம் செய்ய வந்த சீமாட்டிகள் பிள்ளையை அநாதை இல்லத்தில் விடச் சொன்னார்கள். தாய் மறுத்தார். அத்தோடு அவர்கள் உதவியும் நின்றது. இந்நிகழ்ச்சியை அடிகளார் ஆயுள் முழுதும் மறக்கவில்லை. பின்னர் கேக்குக் கடையில் தொழில் பயின்று, கிறிஸ்தவ இளந்தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்து, 1946-இல் குருப்பட்டம் பெற்றார்.

1956-இல், ஆயரின் யோசனைப்படி, பாரீசுக்கு அருகிலுள்ள நுவாசி-லெ-கிரான் குடியிருப்புக்குச் சென்றார். வீடற்றோருக்கென 1954-இல் எம்மாவு இயக்கத்தார் எழுப்பிய முகாம் அது. பீப்பாயைப் பாதியாய்ப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற குடில்கள், சேறு, அதில் 252 குடும்பங்கள். வெளியார் கொண்டுவரும் சூப்புக்கும் பழந்துணிக்கும் மக்கள் காத்துக் கிடந்தனர். அடிகளார் அந்த விநியோகத்தை நிறுத்தினார். பதிலாக நூல்நிலையமும், குழந்தைகள் பள்ளியும், சலவைக் கூடமும், ஏன், பெண்களுக்கு முடி அலங்கார நிலையமும் திறந்தார்! இது ஆடம்பரமென்று எண்ணியோரும் உண்டு. முதலில் கேட்டபோது நமக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் திருநாள்தோறும் நாம் வேட்டி சேலை வழங்கும்போது, வரிசையில் நிற்பவரின் முகத்தை என்றேனும் உற்றுப் பார்த்தோமா?

குடியிருப்பு மக்களையே சேர்த்து 1957-இல் சங்கம் அமைத்தார். சிலர்மேல் போலீஸ் பதிவு இருந்ததால் அதிகாரிகள் முதலில் அதை ஏற்க மறுத்தனர். அவர் தளரவில்லை. ஜெனரல் தெ கோலின் சகோதரர் மகளும், நாஜி வதைமுகாமில் துன்புற்றவருமான ஜெனிவியேவ் அம்மையார் 1958-இல் துணைக்கு வந்தார். அச்சங்கமே பின்னர் 'நான்காம் உலகம்' எனப் பல நாடுகளில் பரவிய இயக்கம். வறுமை மனித உரிமைக்கே எதிரானதென அவர் நாட்டிய கல், 1987 அக்டோபர் 17 அன்று பாரீசில் திறக்கப்பட்டது. அந்நாளை 1992-இல் ஐ.நா. வறுமை ஒழிப்பு நாளாக அறிவித்தது.

அதைக் காண அடிகளார் இல்லை. 1988 பெப்ரவரி 14 அன்று இறைவனடி சேர்ந்தார். அந்தக் குடில்களும் எப்போதோ அகற்றப்பட்டுவிட்டன. ஆனால் குடில்களின் வடிவிலேயே அங்கு அவர் எழுப்பிய சிற்றாலயம் இன்னும் நிற்கிறது. அந்த ஏழைகளின் கோயிலுக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்ய அவர் அழைத்தது புகழ்பெற்ற ஓவியர் ழான் பசேனை.