தந்தை செல்வாவும் போரின் நியாயமும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாவிக்கரையில் அமைந்துள்ளது தன்னாமுனை. அதன் ஒருபுறம் சத்துருக்கொண்டான், மறுபுறம் ஏறாவூர். 1990 ஆகஸ்ட்டில் ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கொன்றனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதற்கு இராணுவத்தினரே பொறுப்பென விசாரணை ஆணைக்குழு கண்டது. உள்நாட்டுப் போருக்கு நியாயம் உண்டா என்ற கேள்வி இம்மண்ணில் ஏட்டளவிலான விவாதமன்று. அக்கேள்வி எழும்போதெல்லாம் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் பெயரும் எழுகின்றது.

1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்த அவர், கொழும்பில் சிறந்த சிவில் வழக்கறிஞராக விளங்கினார். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸை விட்டு விலகி, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார். தமிழ் பேசும் மக்கள் என்ற குடையின் கீழ் முஸ்லிம்களையும் அழைத்தார். 1956 தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் அக்கட்சியின் முஸ்லிம் வேட்பாளர்களே வென்றனர். 1957இல் பண்டாரநாயக்காவுடன் அவர் செய்த ஒப்பந்தம், கிழக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பிராந்திய சபைகளுக்கு இடமளித்தது. அவ்வொப்பந்தம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1961இல் அறவழிச் சத்தியாக்கிரகம் இராணுவத்தைக் கொண்டு ஒடுக்கப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த உடன்பாடும் நிறைவேறவில்லை.

சிறுபான்மையினருக்குக் காப்பாயிருந்த 29ஆம் பிரிவு 1972 குடியரசு யாப்பில் இடம்பெறவில்லை. செல்வநாயகம் தமது ஆசனத்தைத் துறந்து மக்களின் தீர்ப்பைக் கோரினார். 1975 வரை தாமதிக்கப்பட்ட காங்கேசன்துறை இடைத்தேர்தலில் பெருவெற்றி பெற்றார். தமிழரின் சம்மதமின்றி ஆக்கப்பட்ட யாப்பு அவர்களைக் கட்டுப்படுத்தாது, இறைமை அவர்களிடமே மீள்கின்றது என்பது அவரது வாதம். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் அவரது தலைமையில் நிறைவேறியது. 1977 ஏப்ரல் 26இல் அவர் மறைந்தார். 1983இல் போர் மூண்டது.

யாப்பு ரீதியில் அவரது வாதம் வலுவானதென்றே நாம் கருதுகின்றோம். ஆயினும் பிரிந்து செல்லும் உரிமை வேறு, கொல்லும் உரிமை வேறு. வட்டுக்கோட்டைத் தீர்மானம் ஆயுதம் ஏந்துமாறு கூறவில்லை. எனினும் இளைஞரைப் புனிதப் போராட்டத்துக்கு அழைத்த அது, போராட்டத்தின் எல்லையை வரையறுக்கவில்லை. அந்தக் குறையை மறைப்பது அப்பெரியாருக்குச் செய்யும் மரியாதையாகாது.

சம்மதமின்றி ஆளப்படலாகாது என்பதே அவர் தமிழருக்காகக் கேட்ட நீதி. அதே நீதி ஏறாவூர் முஸ்லிமுக்கும் உரியது. வாவியின் இருமருங்கிலும் வாழும் நாம் அவரிடமிருந்து பெறவேண்டிய பாடம் இதுவேயாகும்.