லிஸ்டர் பிரபுவும் தாதியர் கைகளும்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் பாண்டேஜ் துணி தேசமெங்குமுள்ள ஆஸ்பத்திரிகளுக்குச் செல்கிறது. ரணத்தைக் கட்டுந் துணியும், கட்டுங் கையும் கிருமியற்றிருத்தல் வேண்டுமென்று உலகத்தாருக்குப் போதித்த மகான் ஜோஸப் லிஸ்டர். அவருடைய சரித்திரத்தில் நம் வைத்தியசாலைகளை நடத்துவோர் கற்க வேண்டிய பாடமொன்றுண்டு.

1827-ம் வருஷம் இங்கிலாந்தில் பிறந்த லிஸ்டர், 1860-ல் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் சஸ்திர சிகிச்சைப் பேராசிரியரானார். கத்தி வைத்த ரணம் அழுகி நோயாளி மாள்வது அக்காலத்தில் சகஜம். அழுகலுக்குக் காரணம் கிருமிகளே என்பதைப் பாஸ்டருடைய ஆராய்ச்சியால் உணர்ந்த அவர், 1865 ஆகஸ்டில் கால் முறிந்த ஒரு பையனின் ரணத்துக்குக் கார்பாலிக் திராவகமிட்டுக் கட்டினார். ரணம் அழுகாமல் ஆறிற்று. அது முதல் கை, கருவி, கட்டுத்துணி யாவும் அத்திராவகத்திலேயே தோய்ந்தன. 1871 முதல் சிகிச்சை அறையின் காற்றிலும் அதைத் தெளிக்கலானார்.

நோயாளிகள் பிழைத்தனர், ஆனால் அருகில் நின்று உழைத்தவர்களோ அந்நஞ்சையே சுவாசித்தனர், அவர்கள் கைத்தோல் வெளிறி வெடித்தது. காற்றிலுள்ள கிருமியினும் கையிலும் கருவியிலுமுள்ள கிருமியே கொடிதெனத் தெளிந்த லிஸ்டர், தெளிப்பதைக் கைவிட்டார். 1890-ல் பெர்லினில் கூடிய வைத்திய மகாநாட்டில், தாம் அதைச் சிபார்சு செய்தது பிழையென்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

ஏறக்குறைய அச்சமயத்திலேயே அமெரிக்காவில் பால்டிமோர் நகரில், பாதரச உப்புத் திராவகத்தால் கரோலின் ஹாம்ப்டன் என்னும் தாதியின் கைகள் புண்பட்டன. அதைக் கண்ட ஹால்ஸ்டெட் என்னும் ரண வைத்தியர் மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். இன்று நோயாளியைக் காக்கும் கையுறை, முதலில் தாதியைக் காக்கவே பிறந்தது.

லிஸ்டர் 1912-ல் காலமானார். கார்பாலிக் போனாலும் நஞ்சு போகவில்லை. பார்மலின், குளூட்டரால்டிஹைடு, எதிலீன் ஆக்ஸைடு, புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றை இன்று தாதியரும் துப்புரவுத் தொழிலாளரும் கையாளுகின்றனர். கண்ணெரிச்சல், இளைப்பு, தோல்நோய் முதலியன இவற்றால் வரக்கூடும். பார்மலினும் எதிலீன் ஆக்ஸைடும் புற்றுநோயையே விளைக்க வல்லன.

வேண்டாத நஞ்சை விலக்குவது லிஸ்டர் காட்டிய வழி. விலக்க முடியாததற்குத் தடுப்பு அமைப்பது ஹால்ஸ்டெட் காட்டிய வழி. ஆஸ்பத்திரிக் கழிவைக் கையாள்வோருக்குத் தற்காப்பு உடையும், வருஷந்தோறும் தேக பரிசோதனையும் அளிக்க வேண்டுமென்று 2016-ம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகள் கூறுகின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. ஸ்ரீவில்லிபுத்தூராயினும் சென்னையாயினும், தத்தம் ஊர் ஆஸ்பத்திரியில் கையுறையும் காற்றோட்டமும் உண்டா என்று பொதுஜன ஊழியர் நேரிற் சென்று விசாரிப்பார்களாக. பிறர் புண்ணை ஆற்றும் கை புண்படலாகாது.