நாடகக்காரர் போட்ட தோட்டம்

படிச்சு முடிச்ச நண்பர்களுக்கும், இப்போ படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஆலன் சாட்விக்கைப் பற்றிச் சொல்ல ஆசை. 1909-இல் இங்கிலாந்தில் பிறந்து ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர். தென்னாப்பிரிக்காவில் தோட்டவேலை பார்த்தபின், 1967-இல், அறுபதை நெருங்கும் வயதில் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பேராசிரியராக அல்ல, மாணவர் தோட்டம் போட!

கிடைத்ததோ செங்குத்துச் சரிவு. தொட்டாலே அரிக்கும் புதர். மனுஷன் அசரவில்லை. டிராக்டரும் வேண்டாம், ரசாயன உரமும் வேண்டாம். காலால் மிதித்து இறக்கும் ஸ்பேடால் மேல்மண்ணை எடுத்து ஒதுக்கி, அடிமண்ணையும் அதே ஆழத்துக்குக் கிளறி, மக்கு உரமிட்டுப் பாத்தியை உயர்த்துவார். இலையோடு இலை தொடும்படி நெருக்கி நடுவார். அந்த நிழலில் மண் ஈரம் காயாது. விடிந்தால் இறங்கி இருட்டும்வரை வேலை. மகா கோபக்காரர். ஆனாலும் மாணவர்கள் வகுப்பை விட்டுக்கூட வந்தாங்க!

பறித்த பூக்களை வளாகத்தில் சும்மாவே கொடுத்தார்கள். விஞ்ஞானத் துறையில் சிலருக்கு இவர் முறை பிடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அவர் விலகினார். அதே காலத்தில் வளாகத்தில் பண்ணையும் உருவானது. பின்னாளில் பயிற்சி மாணவர்கள் விளைச்சலைக் கடை போட்டு விற்றார்கள். அவருக்கு அது பிடித்திருக்குமோ என்னவோ! ஆனால் விலை சொல்லி விற்கத் தெரியாத விவசாயி எத்தனை நாள் தாங்குவான்?

சாட்விக் 1980-இல் காலமானார். அந்தச் சரிவுத் தோட்டத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.